ஜல்கி என்றால் தண்ணீர் இல்லை

போன மாதம் ஒருவர் இந்தத் தளத்தில் பின்னூட்டம் போட்டிருந்தார். "அந்தமான் போகிறோம். பாராடாங் சேற்று எரிமலையைப் பார்க்க ஒரு நாளைச் செலவழிப்பது தகுமா? போய்வந்தவர்கள் எல்லாம் வெறும் சேறுதான் என்கிறார்கள்." இரண்டு வரியில் பதில் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். முடியவில்லை. அவர்கள் சொல்வது சரிதான், வெறும் சேறுதான். அதை நான் 1974 பிப்ரவரி ஐந்தாம் தேதி பிற்பகலில் போய்ப் பார்த்திருக்க வேண்டும். நானூறு மீட்டர் தூரத்தில் நின்றுகொண்டு, பார்க்காமல் திரும்பினேன். பயணக் கட்டுரை என்றால் பார்த்ததை எழுதுவார்கள். இதில் பாதி, பார்க்காமல் விட்டதைப் பற்றியது.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. சிவகங்கைப் பக்கத்திலிருந்து வந்து, சாலை வேலையில் ஓவர்சியராக இருந்தேன். குடியிருப்பு போர்ட்பிளேரில் டாலிகஞ்ச். தெற்கிலிருந்து வடக்கே தீவு தீவாகக் காட்டை வெட்டிச் சாலை போட்டுக்கொண்டிருந்த காலம். அந்தக் காடு யாருடையது என்ற கேள்வி அப்போது எங்களில் ஒருவருக்கும் எழவில்லை. இன்று எழுதும்போது அதையும் சொல்லிவிட வேண்டியிருக்கிறது.

பாராடாங் தீவில் வேலை செய்தவர்கள் பதினோரு குடும்பம், குழந்தைகளோடு முப்பத்தெட்டுப் பேர். பெரும்பாலும் முதுகுளத்தூர், கமுதிப் பக்கத்து ஆட்கள். அவர்களின் முகாம் படகுத்துறையை ஒட்டி இருந்தது. அங்கே ஒரு கிணறும் உண்டு. ஆனால் சாலை முன்னேறிப் போய்விட்டதால் காலையில் நாலு மைல், மாலையில் நாலு மைல் நடந்தே சோர்ந்துபோனார்கள். வேலை நடக்கும் இடத்துக்குப் பக்கத்தில் புது முகாமுக்கு இடம் பார்க்கச் சொல்லி என்னை அனுப்பினார்கள். தட்டையான நிலம், காற்றுக்கு மறைவு, தண்ணீர். இந்த மூன்றையும் பார்த்து எழுத வேண்டும், அவ்வளவுதான் வேலை.

இன்றைக்குப் போகிறவர்களுக்குச் சாலை இருக்கிறது. எங்களுக்கு மோட்டார் படகுதான், செவ்வாயும் சனியும் மட்டும். போர்ட்பிளேரில் காலை 5.15க்குக் கிளம்பினால் பிற்பகல் ஒரு மணி சுமாருக்குப் பாராடாங். கடைசி ஒரு மணி நேரம் படகு கடலைவிட்டு உப்பங்கழிக்குள் நுழையும். இரண்டு பக்கமும் சதுப்பு மரங்கள் வேரை நீருக்குள் ஊன்றி நெருக்கமாக நிற்கும். ஆறு என்றுதான் முதலில் நினைத்தேன். ஆறில்லை. அழுந்திப்போன ஒரு பள்ளத்தாக்கில் கடல் ஏறி நிற்கிறது. நாவில் ஒரு சொட்டு வைத்தால் உப்புக் கரிக்கும். சுற்றிலும் அவ்வளவு தண்ணீர், குடிக்க ஒரு வாய் கிடையாது.

இடம் காட்ட வந்தவர் சுக்ரா. காட்டிலாகா காவலாள், என்னைவிட ஓரிரண்டு வயது மூத்தவர். அவருடைய அப்பா மரம் வெட்டுவதற்காக ராஞ்சியிலிருந்து வந்தவர். சுக்ரா தீவிலேயே பிறந்தார். வெற்றிலை போட்டுக்கொண்டு அமைதியாக நடப்பார், கேட்டால் மட்டும் பேசுவார். நாலு மைல் நடந்து ஒரு தட்டை நிலத்தைக் காட்டினார். காற்றுக்கு மறைவாக இருந்தது. எனக்குப் பிடித்துவிட்டது. மணி 3.30. புது பூட்ஸ், இரண்டு குதிகாலிலும் கொப்புளம்.

"பானி?" என்று கேட்டேன். சுக்ரா கிழக்கே மேட்டைக் காட்டிச் சொன்னார்: "ஊப்பர் மே ஜல்கி ஹை, சாப். பாரா மஹினா நிகல்தா ஹை. கபி பந்த் நஹி ஹோத்தா." மேலே ஜல்கி இருக்கிறது, பன்னிரண்டு மாதமும் வந்துகொண்டிருக்கும், ஒருநாளும் நிற்காது.

இங்கே என் இந்தியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். நான் கல்லூரியில் படித்தபோது ஊரே இந்தி எதிர்ப்பில் கொந்தளித்துக்கொண்டிருந்தது. நானும் ஊர்வலத்தில் போனேன், கோஷமும் போட்டேன். வீட்டுக்கு வந்து, இந்திப் பாடப் புத்தகத்தை அல்ஜீப்ரா புத்தகத்துக்குள் ஒளித்துவைத்துப் படித்தேன், வேலை கிடைக்கும் என்ற ஆசையில். இரண்டு தேர்வு பாஸ் செய்தேன். அந்தப் புத்தகத்தில் தண்ணீருக்கு ஜல். தீவுக்கு வந்து நாலு வருடத்தில் வங்காளியும் தெலுங்கரும் மலையாளியும் ராஞ்சிக்காரரும் தண்ணீரைப் பானி என்றுதான் சொன்னார்கள். ஜல் என்று ஒரு ஆள் சொல்லி நான் கேட்டதில்லை. ஒரு நிமிடம் முன்பு நானே 'பானி'தான் கேட்டேன். ஆனாலும் சுக்ரா ஜல்கி என்றதும் புத்தகம்தான் எனக்குள் பதில் சொன்னது. ஜல் என்றால் தண்ணீர், ஜல்கி என்றால் ஏதோ ஊற்று. தேர்வில் முதல் வகுப்பு வாங்கியவன் அல்லவா!

"எவ்வளவு தூரம்?"

"தோ ஃபர்லாங், சாப். தேக்கேகா?"

பார்க்கிறீர்களா என்று கேட்டார். இரண்டு ஃபர்லாங் என்றால் நானூறு மீட்டர். கொப்புளம் உறுத்தியது, இருட்டுவதற்குள் துறைக்குத் திரும்ப வேண்டும் என்றும் தோன்றியது. வேண்டாம் என்று சொல்லிவிட்டு, அங்கேயே ஒரு கட்டையில் உட்கார்ந்து குறிப்பில் எழுதினேன்: வற்றாத நீரூற்று, முகாமிலிருந்து இரண்டு ஃபர்லாங். பேனாவை மூடும்போது திருப்தியாக இருந்தது.

இரண்டு வாரம் கழித்து, பத்தொன்பதாம் தேதி செவ்வாய்க்கிழமை, முகாம் மாறியது. நானும் மேற்பார்வைக்குப் போனேன். தட்டுமுட்டுச் சாமான், தார்ப்பாய், கோழி, அடுப்புக்கல், நாலு பீப்பாய் தண்ணீர். முப்பத்தெட்டுப் பேரும் வரிசையாக நடந்தார்கள். எனக்கு முன்னால் போனவள் குருவம்மாள். முப்பது வயது இருக்கும். அவளும் புருஷன் காளிமுத்துவும் கல் உடைப்பவர்கள். முகாமில் தண்ணீர்ப் பங்கீடு அவள் பொறுப்பு. யாருக்கு எத்தனை குடம் என்பதில் அவள் சொல்லை மீற ஆளில்லை. தண்ணீருக்காகவே பாதி ஆயுளைக் கழிக்கும் சீமையிலிருந்து வந்தவள். அவள் விரலைப் பிடித்துக்கொண்டு மகள் செல்வி நடந்தாள். ஐந்து வயது. வழியெல்லாம் கேள்வி. "ஓவர்சியரய்யா, அங்கன குளம் இருக்கா?" என்று என்னிடம் கேட்டாள். "ஊத்து இருக்கு" என்றேன். "குதிக்கலாமா?" என்றாள். குதிக்கலாம் என்றேன்.

4.30க்குப் போய்ச் சேர்ந்தோம். பெண்கள் உட்காரக்கூட இல்லை, குடத்தை எடுத்துக்கொண்டு மேட்டில் ஏறினார்கள். கொஞ்ச நேரத்தில் காலிக் குடத்தோடு இறங்கி வந்தார்கள். குருவம்மாளுக்கு முழங்கால் வரை சாம்பல் நிறச் சேறு.

"ஏன் சார், தண்ணி இருக்குன்னுதான சொன்னீக?"

நானும் ஏறினேன். நானூறு மீட்டர், எட்டு நிமிடம்.

மரங்கள் நின்றுபோய் ஒரு திறந்த வெளி. நடுவில் இடுப்பு உயரத்துக்கு நாலைந்து சேற்றுக் கூம்புகள். ஒவ்வொன்றின் உச்சியிலும் சாம்பல் நிறக் குழம்பு, ஆற அமரக் கொதிக்கும் கஞ்சி மாதிரி. பெரிதாக ஒரு குமிழி எழும், வெடிக்கும், ஒரு கரண்டிச் சேறு வழியும். பிறகு அமைதி. பிறகு இன்னொன்று. பன்னிரண்டு மாதமும் வரும், ஒருநாளும் நிற்காது. சுக்ரா ஒரு எழுத்துகூடப் பொய் சொல்லவில்லை. விரலை வைத்துப் பார்த்தேன், சூடே இல்லை. இலேசாக மண்ணெண்ணெய் வாடை.

சுக்ராவைக் கூப்பிட்டுக் கத்தினேன். அவர் குழம்பிப்போய் என்னையும் சேற்றையும் மாறி மாறிப் பார்த்தார். "மைனே ஜல்கி போலா தா, சாப். பானி தோ நஹி போலா." நான் ஜல்கி என்றுதான் சொன்னேன், தண்ணீர் என்று சொல்லவில்லையே. இந்தச் சேற்றுக் கூம்புக்குத் தீவுக்காரர்கள் வைத்திருக்கும் பெயர் அது. ஒற்றைச் சொல்லாக நான் பானி என்றது அவர் காதில் சரியாக விழவில்லை. முந்தின வாரம் வந்த மற்ற சாகிப்களைப் போல நானும் வேடிக்கை பார்க்கக் கேட்டதாக எண்ணியிருக்கிறார். அவருக்கு என் பதவி தெரியும், என் புத்தகம் தெரியாது.

அந்தச் சேறு எங்கிருந்து வருகிறது என்பதை நான் பிறகு பல வருடம் தேடித் தேடிப் படித்தேன். படித்ததை என் பாஷையில் சொல்கிறேன். இந்தத் தீவுகளுக்கு மேற்கே, கடலடித் தரை மெல்ல மெல்லக் கிழக்கே நகர்ந்து பூமிக்குள் சரிந்து போகிறது. போகும்போது அதன்மேல் படிந்திருக்கும் மணலும் களிமண்ணும் கூடவே போக முடியாமல் வழிக்கப்பட்டு ஓரத்தில் மடிப்பு மடிப்பாகக் குவிகின்றன. தரையில் கொட்டிய மாவைக் கையால் ஒதுக்கினால் சுவரோரம் குவியுமே, அப்படி. நாம் படம் எடுக்கும் பச்சை மலைகளெல்லாம் அந்தக் குவியல்தான், கடலுக்கு மேலே தெரியும் பகுதி. ஆழத்தில் மாட்டிக்கொண்ட ஈரக் களிமண்மேல் எடை ஏறிக்கொண்டே போகிறது. பிழியப்பட்ட பழைய உப்புநீரும் எரிவாயுவும் பிளவு கண்ட இடத்தில் களிமண்ணையும் கரைத்துக்கொண்டு மேலே வருகின்றன. எரிமலை என்று பெயரே தவிர நெருப்புக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. நெருப்புள்ள எரிமலை கிழக்கே நடுக்கடலில் ஆளில்லாத தனித்தீவாக இருக்கிறது. ஆனால் இரண்டையும் உண்டாக்குவது அந்த ஒரே நகர்வு. தீவில் அடிக்கடி பாத்திரம் குலுங்குவதும் அதனால்தான். 2004 பெரிய பூகம்பத்துக்குப் பிறகு இந்தச் சேறு ஆவேசமாகப் பொங்கியது என்று அக்கம்பக்கத்தார் சொன்னார்கள்.

இவ்வளவும் இன்று தெரியும். அன்று தெரிந்தது ஒன்றுதான்: நாலு பீப்பாய், முப்பத்தெட்டுப் பேர்.

புதன்கிழமை காலையில் ஆண்கள் துறைக் கிணற்றுக்கு நடந்தார்கள். பிப்ரவரி மாதம், மழை நின்று வாரக்கணக்காகிவிட்டது. துறையில் குடியிருந்த காட்டிலாகா ஆட்களுக்கே கலங்கல்தான் வந்துகொண்டிருந்தது. ஆறு குடத்தோடு திரும்பினார்கள். காளிமுத்து என்னிடம் வந்து, "சார், பேசாம பழைய எடத்துக்கே போயிருவோமா?" என்றான். அதுதான் சரியான யோசனை. அன்றே கிளம்பியிருந்தால் சாயங்காலத்துக்குள் போய்ச் சேர்ந்திருக்கலாம், துறையில் மற்றவர்களின் உதவியும் கிடைத்திருக்கும். ஆனால் முகாம் திரும்பினால் ஏன் என்று கேட்பார்கள், என் குறிப்பு வெளியே வரும். "சனிக்கிழமை படகு வரட்டும், பீப்பாய் வரும், அதுவரைக்கும் பொறுங்க" என்றேன். இந்த வாக்கியத்தை நான் இந்த வருடம் வரை யாரிடமும் சொன்னதில்லை. மனைவியிடம்கூட.

அன்று பிற்பகல் குருவம்மாள் தன் டிரங்குப் பெட்டியிலிருந்து ஒரு சுருக்குப்பை எடுத்தாள். உள்ளே தேத்தாங்கொட்டை. எங்கள் பக்கத்தில் கலங்கிய ஊருணித் தண்ணீரைக் குடத்தில் ஊற்றி, உள்பக்கம் இந்தக் கொட்டையைத் தேய்த்து வைப்பார்கள். சேறு அடியில் படிந்து தண்ணீர் கண்ணாடியாகத் தெளியும். கடல் தாண்டி வரும்போதும் அதை மறக்காமல் கொண்டுவந்திருக்கிறாள். ஜல்கியில் நீர்த்திருந்த ஒரு குழியிலிருந்து மொண்டு வந்து தேய்த்தாள். தெளிந்தது. இரண்டு மணி நேரத்தில் அடி தெரியும் அளவுக்குத் தெளிந்தது.

ஒரு வாய் குடித்துப் பார்த்தேன். உப்பு, ஒரு மாதிரி வாடை. ஆனால் கண்ணுக்கு அது தண்ணீர். என் குறிப்பு முழுப் பொய்யில்லை என்று அந்தக் குடம் சொல்வதாக எனக்குப் பட்டது. "நல்லாத்தான் தெளிஞ்சிருக்கு. கொதிக்கவச்சுக் குடிங்க" என்றேன். கொதிக்க வைத்தால் உப்பு போகாது, இன்னும் கூடத்தான் செய்யும். அதை யோசிக்கவில்லை. பெரியவர்கள் முகம் சுளித்துத் துப்பிவிட்டார்கள். தாகத்தில் குழந்தைகள் குடித்தன.

வியாழக்கிழமை மூன்று குழந்தைகளுக்கு வாந்தியும் வயிற்றுப்போக்கும். இரண்டு தேறிவிட்டன. செல்விக்கு நிற்கவில்லை. வைத்தியம் பார்க்க வேண்டுமானால் படகேறித்தான் போக வேண்டும், படகு சனிக்கிழமை. குருவம்மாள் மகளை மடியில் போட்டுக்கொண்டு பீப்பாயின் கடைசித் தண்ணீரைத் துணியில் நனைத்து உதட்டில் வைத்துக்கொண்டிருந்தாள். நான் கூடாரத்துக்கு வெளியே நின்றேன், உள்ளே போகக் கால் வரவில்லை.

வெள்ளிக்கிழமை காலையில்தான் எனக்குப் புத்தி வந்தது. வந்த விதத்தையும் சொல்கிறேன். சாலைக்காரனுக்குத் தண்ணீர் எதிரி. மலையை வெட்டிச் சாலை போட்டால் சில இடங்களில் வெட்டிய சரிவிலிருந்து கசிந்துகொண்டே இருக்கும். போட்ட கல்லெல்லாம் இறங்கிவிடும். நாங்கள் அதை 'சீக்கு' என்போம். துறையிலிருந்து இரண்டாவது மைலில் அப்படி ஒரு சீக்கு இருந்தது. அங்கே ஒரு மாதம் வடிகால் வெட்டி, கசிவைக் கல்லால் மூடி, திட்டித் தீர்த்திருக்கிறேன். அந்தச் சரிவு அப்படியே கண்ணில் வந்தது. மேலே மஞ்சள் மணற்பாறை, கீழே நீலமும் சாம்பலுமான களிமண் பாறை, இரண்டும் சேரும் கோட்டில் மட்டும் ஈரம். மழைநீர் மணற்பாறைக்குள் மெல்ல இறங்கும், களிமண்ணைத் தொட்டதும் மேற்கொண்டு இறங்க வழியில்லாமல் பக்கவாட்டில் வெளியே வரும். கடலடியில் மாறி மாறிப் படிந்த அந்த மணலும் களிமண்ணும்தான் இந்த மலை முழுக்க இருக்கிறது. அப்படியானால் அந்தக் கோடு இந்தப் பக்கமும் எங்காவது வெளியே வந்தாக வேண்டும்.

சுக்ராவையும் காளிமுத்துவையும் இரண்டு கடப்பாரையையும் கூட்டிக்கொண்டு முகாமுக்கு மேற்கே, வறண்ட ஒரு ஓடைப் பள்ளத்தில் ஏறினேன். 7.40க்குக் கிளம்பினோம். மஞ்சள் பாறை, மஞ்சள் பாறை, மஞ்சள் பாறை. 9.50 சுமாருக்கு ஒரு வளைவில் சுக்ரா நின்று, "சாப், காலா" என்றார், கறுப்பு என்று. மஞ்சளுக்குக் கீழே கருநீலக் களிமண். சேருமிடத்தில் ஒரு முழ அகலத்துக்குப் பாசியும் பெரணியும். காளிமுத்து கடப்பாரையை இறக்கினான். முதலில் ஈர மண், பிறகு கசிவு. சுக்ரா மூங்கிலைப் பிளந்து செருகினார். 11.20க்கு மூங்கில் நுனியில் சுண்டுவிரல் கனத்தில் தண்ணீர் விழுந்தது. குடித்துப் பார்த்தேன். உப்பில்லை.

முகாமிலிருந்து அந்த இடம் ஒன்றரை கிலோமீட்டர். முதல் நாளே தேடியிருந்தால் முதல் நாளே கிடைத்திருக்கும்.

முதல் குடத்தைக் காளிமுத்து ஓடியே கொண்டுபோனான். செல்வி ஒரு தம்ளர் குடித்தாள், இன்னொன்றும் குடித்தாள். "இது ஊத்துத் தண்ணியாம்மா?" என்று கேட்டாள். குருவம்மாள் "ஆமா சாமி" என்றாள். "குதிக்கணும்" என்றாள். அவ்வளவுதான் பேசினாள். எல்லாம் சரியாகிவிடும் என்று நாங்கள் எல்லோரும் நம்பினோம். சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு அவள் மூச்சு நின்றது. படகு பிற்பகல் ஒரு மணிக்கு வந்தது, நாலு பீப்பாயோடு.

மூங்கில் குழாய்க்குக் கொஞ்சம் மேலே, மஞ்சள் பாறைப் பக்கம் அவளைப் புதைத்தோம். எல்லாம் முடிந்து இறங்கும்போது குருவம்மாள் என் பக்கம் திரும்பினாள். அழுகை ஓய்ந்திருந்தது. திட்டுவாள் என்று காத்திருந்தேன், திட்டினால் தேவலை என்றும் இருந்தது. அவள் திட்டவில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"அந்த மேட்டுக்கு நீங்க போயிப் பாத்தீகளா சார்?"

"இல்ல" என்றேன்.

தலையை ஆட்டிவிட்டு இறங்கிப் போய்விட்டாள். அந்த ஓடையை முகாமில் எல்லோரும் செல்வி ஓடை என்று சொல்ல ஆரம்பித்தார்கள். சுக்ராவுக்கு ஓடை வாயில் வராது, தீவு இந்தியில் செல்வி நாலா ஆக்கிவிட்டார். அடுத்த வருடம் முகாம் வடக்கே போனது. குருவம்மாளும் காளிமுத்துவும் மெயின்லேண்டுக்குத் திரும்பிவிட்டதாகக் கேள்விப்பட்டேன். தேடிப் போகும் தைரியம் எனக்கு வரவில்லை. குறிப்பைத் திருத்தி எழுதிக் கொடுத்தேன், காரணத்தோடு. எழுத்தில் கண்டித்து, இரண்டு வருடம் பதவி உயர்வை நிறுத்தினார்கள். அது எனக்குப் போதவில்லை. அதற்குப் பிறகு முப்பது வருடம் வேலை பார்த்தேன், போய்க் காலால் மிதிக்காத ஒரு இடத்தைப் பற்றியும் ஒரு வரி எழுதியதில்லை. சக ஊழியர்கள் என்னைப் பயந்தாங்கொள்ளி என்றார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும்.

இந்தப் பிப்ரவரியில் மகளோடு மறுபடி போனேன். போர்ட்பிளேர் பத்துபஸ்தியில் அவள் வீட்டிலிருந்து அதிகாலை 3.45க்கு டாக்ஸி. ஜிர்காடாங் சோதனைச் சாவடியில் வண்டிகளை வரிசையாக நிறுத்தி, கான்வாயாகத்தான் காட்டுக்குள் விடுகிறார்கள். எங்களுக்கு ஆறு மணி கான்வாய். பிறகு வண்டியோடு கழியைக் கடக்கும் ஃபெர்ரி. 8.20க்குப் பாராடாங் துறையில் இட்லி சாப்பிட்டோம். அன்று எட்டு மணி நேரம், இன்று நாலரை.

துறையில் ஒரு ஜீப் பேசினோம், போக வர எண்ணூறு ரூபாய். ஓட்டுநர் வங்காளிப் பையன், பிறந்தது தீவில், கூட்டாளிகளிடம் பழகிய தமிழும் கொஞ்சம் பேசினான். கிளம்பும்போதே திட்டத்தைச் சொல்லிவிட்டான், முதலில் ஜல்கி, பிறகு இன்னொரு இடம்: "அங்கிள், பஹ்லே ஜல்கி. உஸ்கே பாத் செல்ஃபி நாலா, பத்து நிமிஷம் நிறுத்துவேன்."

"என்ன நாலா?"

"செல்ஃபி நாலா. பழைய பேர் அங்கிள், சப் லோக் போல்த்தே ஹைன், எல்லாரும் சொல்வாங்க."

மகள் சிரித்தாள். அவளுக்கு அதுவரை தெரியாது. நான் சிரிக்கவில்லை.

ஜல்கியில் இப்போது மரவேலியும் படிகளும் இருக்கின்றன. கூம்புகள் இடம் மாறியிருந்தன, குமிழி மாறவில்லை. எங்களோடு ஏறிய ஒரு குடும்பம் இரண்டு நிமிடம் பார்த்துவிட்டு, "இதுக்கா இவ்வளவு தூரம்" என்று இறங்கியது. நான் அரை மணி நேரம் நின்றேன். திரும்பும் வழியில் ஜீப் ஒரு வளைவில் நின்றது. பாறையிலிருந்து வரும் தண்ணீரைச் சிமெண்டுத் தொட்டியில் பிடித்து, அங்கிருந்து குழாயில் கீழே உள்ள வீடுகளுக்குக் கொண்டுபோகிறார்கள். தொட்டிக்கு மேலே மஞ்சள் பாறை, கருநீலக் களிமண், நடுவில் பெரணி. பக்கத்தில் ஒரு தகரப் பலகை, இதயம் வரைந்து 'செல்ஃபி பாயின்ட்' என்று ஆங்கிலத்தில். இரண்டு பெண்கள் கைப்பேசியை நீட்டிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அழகான இடம்தான். கொஞ்சம் மேலே, பாறைப் பக்கம் கொடிகள் மூடிவிட்டன, இடத்தைக் கண்டுபிடிக்க முடியவில்லை.

பையனிடம் சொன்னேன், முழுவதையும், இந்தியும் தமிழுமாக. மகளும் கேட்டுக்கொண்டிருந்தாள். அவன் எஞ்சினை அணைத்துவிட்டுக் கேட்டான். கடைசியில், "அச்சா, லட்கி கா நாம் தா?" என்றான். ஒரு பெண்குழந்தையின் பெயரா. பிறகு பலகையைப் பார்த்து, "ஆனா அங்கிள், செல்வின்னு எழுதினா யாரும் வண்டி நிறுத்த மாட்டாங்க" என்றான். உண்மையைத்தான் சொன்னான். ஒரு சொல்லை என் வசதிக்குக் கேட்டுக்கொண்டவன் நான். இவர்களை என்ன சொல்ல?

இனி, பின்னூட்டம் போட்டவருக்கும் போக நினைக்கும் மற்றவர்களுக்கும். தகும், போங்கள். ஜனவரி முதல் மார்ச் வரை நல்ல காலம். கான்வாய் நேரங்களை அடிக்கடி மாற்றுகிறார்கள், முந்தின நாள் கேட்டுக்கொள்ளுங்கள். அசல் அடையாள அட்டை கட்டாயம். காட்டு வழியில் வண்டியை நிறுத்தாதீர்கள், படம் எடுக்காதீர்கள், அது அந்தக் காட்டின் ஆதிகுடிகளான ஜாரவா மக்களின் வீடு. ஜல்கியில் சேற்றுக்குள் கால் வைக்காதீர்கள், மேலே காய்ந்தது போலிருக்கும், கீழே ஆழம். நல்ல செருப்பு போட்டுக்கொள்ளுங்கள், புதிது வேண்டாம். ஏறும்போது காலுக்குக் கீழே இருப்பது கடலடி என்பதை நினைத்துக்கொண்டு ஏறுங்கள், வெறும் சேறாகத் தெரியாது. வழிகாட்டி சொல்லும் வார்த்தை புரியாவிட்டால் புரிந்த மாதிரித் தலையாட்டாதீர்கள், கூடவே போய்ப் பாருங்கள். நானூறு மீட்டர்தான்.

திரும்பும் வழியில் ஜீப் அந்த வளைவில் நிற்கும். தாராளமாகப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். தொட்டிப் பக்கத்துக் குழாயில் ஒரு வாய் குடியுங்கள், உப்பிருக்காது. படத்துக்கு அடியில் இடத்தின் பெயரைப் போடும்போது மட்டும், பலகையில் இருப்பதைப் போடாமல் செல்வி நாலா என்று போடுங்கள். அவளுக்கு ஐந்து வயது. குதிக்கலாம் என்று நான் சொல்லியிருந்தேன்.